கன்சோல் ஆட்டத்திற்குத் திரை தெரிதல்

நம் கல்லூரித் தோழருள் கன்சோல் என்னும் விளையாட்டுப் பொறியை உடையார் பலர். அப்பொறியை வாங்குங்கால் அவர்க்குப் பெரியதோர் ஐயம் எழுவதில்லை. பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ், நின்டெண்டோ என்னும் மூன்றனுள் விலைக்கும் விருப்பிற்கும் ஒத்ததொன்றை வாங்கிவிடுகின்றனர். ஐயமெல்லாம் அதனை எத்திரையோடு இணைப்பது என்பதிலேயே பிறக்கின்றது. மானிட்டர் என வழங்கும் காட்சித்திரைகளோ எண்ணில; ஒவ்வொன்றன் பெட்டியின்மேலும் எண்கள் பல; அவ்வெண்களுட் பெரும்பாலன கணினியை உளங்கொண்டு அச்சிடப்பெற்றவை. கன்சோலுக்கு அவை எத்துணைப் பயன்படும் என்பதைப் பெட்டி உரைப்பதில்லை. பொருள் மிக உடையார்க்கு இதனால் இடரொன்றுமில்லை. விலை மிக்க திரையில் எல்லா நலனும் ஒருங்கே அமைந்திருக்கும். பத்தாயிரம் ரூபா அளவிற் செலவிடக் கருதும் மாணவர்க்கே இவ்வாராய்ச்சி வேண்டுவது. யான் அவருள் ஒருவன். ஒருமுறை பிழைபட வாங்கி, மறுமுறை ஆராய்ந்து வாங்கியவன்.

எம் இல்லம் தாம்பரத்திற்குக் கிழக்கே இராஜகீழ்ப்பாக்கத்தில் உள்ளது. அயல்நாட்டிற் பணிபுரியும் எம் தாய்மாமனார் விடுமுறையில் வந்தபொழுது எனக்கும் என் தம்பிக்குமாக பிளேஸ்டேஷன் 5 ஒன்றைக் கொணர்ந்து தந்தார். வீட்டில் இருப்பது ஒரே தொலைக்காட்சி. மாலை ஆறு மணி முதல் இரவு பத்து மணிவரை அது பாட்டியார்க்கு உரியது. அவர் உரிமையில் தலையிடுவார் எம் குடும்பத்தில் எவரும் இலர். பாட்டியார் உறங்கச் சென்றபின் ஒலியை அடக்கிக்கொண்டு சின்னாள் ஆடினோம். ஆடியபொழுது இரண்டு குறைகள் புலப்பட்டன. அது 32 அங்குலத் தொலைக்காட்சியாயினும் அதன்கண் உள்ள ஒளிப்புள்ளிகள் குறுக்கே 1366, நெடுக்கே 768; பெருக்கின் 10,49,088. இப்புள்ளிகளையே பிக்சல் என்பர். இக்காலத்துச் சிறிய கணினித்திரையிலும் 1920-க்கு 1080 என்னும் அளவில் 20,73,600 புள்ளிகள் உள. எனவே எம் தொலைக்காட்சி அதனிற் பாதியே காட்டவல்லது. மற்றொரு குறை, பொத்தானை அழுத்திய பின்னர்த் திரையிலுள்ள வீரன் சிறிது தயங்கியே தாவினான். தொலைக்காட்சியானது வரும் படத்தை நிறங்கூட்டியும் மெருகேற்றியும் பின்னரே காட்டுதலின் அத்தயக்கம் நேர்கின்றது. ‘கேம் மோட்’ என்னும் அமைப்புள்ள தொலைக்காட்சிகளில் அம்மெருகூட்டலை நிறுத்தலாம். எம்முடையதில் அவ்வமைப்பு இல்லை. மானிட்டர்கள் இயல்பாகவே இம்மெருகூட்டலை மிகுதியாகச் செய்வதில்லை; ஆட்டத்திற்கு அவை ஏற்றன என்பதற்கு இதுவே முதற்காரணம்.

மாலையிற் பள்ளிப் பிள்ளைகட்குப் பாடஞ்சொல்லி யான் சேர்த்து வைத்திருந்தது 11,000 ரூபா. அதனுள் 9,800 ரூபாவிற்கு நகரத்துக் கடையொன்றில் 27 அங்குலத் திரையொன்று வாங்கினேன். அதனருகே இருந்த 75 ஹெர்ட்ஸ் திரையினும் இது 100 ஹெர்ட்ஸ் ஆதலின் விலை கூடுதல் என்றும், “கன்சோலுக்கு இதுதான் தம்பி சரியாயிருக்கும்” என்றும் கடைக்காரர் கூறினார். அவர் பொய் கூறினார் என்று யான் கருதவில்லை. அவர்க்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. வீட்டிற்குக் கொணர்ந்து இணைத்து, கன்சோலின் அமைப்புகளுள் ‘ஸ்கிரீன் அண்ட் வீடியோ’ என்னும் பகுதியைத் திறந்து, ‘வீடியோ அவுட்புட் இன்ஃபர்மேஷன்’ என்பதைப் பார்த்தேன். அங்கே 60 ஹெர்ட்ஸ் என்றிருந்தது. கம்பியைக் கழற்றி மாட்டினேன். பொறியை அணைத்து ஏற்றினேன். 60 என்றே இருந்தது. மறுநாட் கடைக்குச் சென்று கேட்டபோது, திரையிற் பழுதொன்றுமில்லை, பிரித்த பெட்டியைத் திரும்பப் பெறுதல் இயலாது என்றனர். திரையிற் பழுதில்லை என்பது உண்மையே. பழுது என் அறியாமையில் இருந்தது.

அவ்வறியாமை யாதெனின், கன்சோல் எவ்வெவ் விரைவிற் படங்களை அனுப்பும் என்பதை யான் கேளாமையே. ஹெர்ட்ஸ் என்பது திரை ஒரு நொடியில் எத்தனைமுறை புதிய படத்தைக் காட்டவல்லது என்னும் கணக்கு. கணினியாயின் திரை எத்தனை வேண்டினும் அத்தனையை அனுப்பும். 75 வேண்டின் 75, 100 வேண்டின் 100. பிளேஸ்டேஷன் 5-உம் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் பொறிகளும் அவ்வாறல்ல. ஆட்டத்தின்பொழுது அவற்றிற்கு உள்ள படிகள் இரண்டே: ஒன்று 60, மற்றொன்று 120. இடையிலே படி இல்லை. 120-ஐ ஏற்கமாட்டாத திரையைக் கண்டால் அவை 60-க்கு இறங்கிவிடும். ஆகவே 75 ஹெர்ட்ஸ் திரையும் 100 ஹெர்ட்ஸ் திரையும் கன்சோலுக்கு 60 ஹெர்ட்ஸ் திரைகளே. அங்ஙனமே 144, 165, 180 என்று பெருமை பேசும் திரைகள் எல்லாம் கன்சோலுக்கு 120 ஹெர்ட்ஸ் திரைகளே. முன்னதில் 60-க்கு மேலுள்ள 40-க்கு யான் கொடுத்த பொருள் வீண். பின்னதில் 144-க்கும் 180-க்கும் இடையே உள்ள வேற்றுமைக்குக் கொடுக்கும் பொருளும் வீண். குறைந்த பொருளொடு கடைக்குச் செல்வார் இவ்வொன்றை மறவாதிருப்பாராயின் பாதிக் குழப்பம் தீரும்.

இலக்கணம் பயில்வார்க்கு இதனைப் புணர்ச்சியால் விளக்கலாம். நிலைமொழியும் வருமொழியும் கூடுங்கால் விளைவது இரண்டன் இயல்பையும் பொறுத்தது. வருமொழி ஒன்றையே நோக்கி விதி கூறுதல் இயலாது. கன்சோல் நிலைமொழி, திரை வருமொழி. பெட்டியின்மேல் அச்சிட்டிருப்பது வருமொழியின் இயல்பு மட்டுமே. புணர்ச்சி நிகழுமிடமோ எச்.டி.எம்.ஐ. என்னும் இணைப்பு. அவ்விடத்தையும் சிறிது நோக்கல் வேண்டும்.

திரைகளின் பின்புறத்தே பெரும்பாலும் இருவகைத் துளைகள் இருக்கும். ஒன்று டிஸ்ப்ளே போர்ட், மற்றொன்று எச்.டி.எம்.ஐ. கன்சோல்களில் டிஸ்ப்ளே போர்ட் இல்லை. பெட்டியில் எழுதிய பெரிய எண் டிஸ்ப்ளே போர்ட்டின் வழியே மட்டும் கிடைக்கும் எண்ணாகவும் இருத்தல் கூடும். முற்காலத்து 144 ஹெர்ட்ஸ் திரைகள் சிலவற்றில் எச்.டி.எம்.ஐ. வழியே 60 மட்டுமே பெறலாகும். பழைய திரையை வாங்குவார் இதனாற் பெரிதும் ஏமாறுவர். எச்.டி.எம்.ஐ. 2.0 என்னும் வகை 2013-இல் வெளிவந்தது. நொடிக்கு 18 கிகாபிட் அளவு செய்தியைச் சுமக்கவல்லது. 2017-இல் வந்த 2.1 என்னும் வகையின் மேலெல்லை 48 கிகாபிட். 1920-க்கு 1080 என்னும் அளவிற் படத்தை 120 விரைவில் அனுப்புதற்கு 2.0 வகையே மிகையாகப் போதும். 2560-க்கு 1440 என்னும் அளவிலும் 120-க்கு அதுவே போதும். 3840-க்கு 2160 என்னும் 4கே அளவில் 120 வேண்டுவார்க்கே 2.1 இன்றியமையாதது. அத்தகைய திரை எம்போல்வார் கைக்கு எட்டாதாகலின் அதனை ஈண்டு விடுகின்றேன்.

2.1 என்னும் எண்ணைக் கண்ட அளவானே நம்புதலும் கூடாது. 2.0 என்னும் பெயரைத் தனியே வழங்குவதைக் கைவிட்டு, அதன் இயல்புகளை 2.1-இன் உட்பிரிவாக்கிவிட்டதாக அவ்விணைப்பிற்கு உரிமம் வழங்குவோர் 2021-இல் தெரிவித்தனர். எனவே பழைய 18 கிகாபிட் அளவினைக் கொண்ட திரையும் 2.1 என்று பெயர் சூட்டிக்கொள்ளலாம். விதிப்படி அது குற்றமன்று. ஆதலின் கடையிற் கேட்கவேண்டிய வினா ‘எத்தனையாவது எச்.டி.எம்.ஐ.?’ என்பதன்று. ‘எச்.டி.எம்.ஐ. வழியே 1080-இல் 120 ஹெர்ட்ஸ் வருமா?’ என்பதே. விடை தெரியாத கடைக்காரர் பலர். அத்திரையை ஆக்கியோர் தரும் குறிப்பேட்டில் இது பெரும்பாலும் இருக்கும்.

இனி, 120 வேண்டுமா என்று கேட்பார் உளர். அவ்வினா நன்று. தொல்காப்பியர் மாத்திரைக்கு அளவு கூறுமிடத்துக் கண்ணை ஒருமுறை இமைக்கும் பொழுதையும் கைவிரலை ஒருமுறை நொடிக்கும் பொழுதையும் எடுத்துக்கொண்டார். இமைக்கும் பொழுதை நொடியில் ஐந்திலொரு பங்கு என்று கொள்வோமாயின், அதற்குள் 60 ஹெர்ட்ஸ் திரை 12 படங்களையும் 120 ஹெர்ட்ஸ் திரை 24 படங்களையும் காட்டிவிடும். ஒரு மாத்திரைக்குள் பன்னிரண்டிற்கும் இருபத்துநான்கிற்கும் உள்ள வேற்றுமையைக் கண் உணருமோ என்று யானும் ஐயுற்றேன். உணரும். படங்களை எண்ணமாட்டாதாயினும், விரைந்து திரும்புங்கால் உருவத்தின் விளிம்பு கலங்குவதையும் கலங்காமையையும் கண் உணர்கின்றது. அழுத்திய விரலுக்கும் தாவிய வீரனுக்கும் இடையே உள்ள காலம் குறைந்தமையைக் கை உணர்கின்றது. 60-இல் ஒரு படத்திற்கும் மறுபடத்திற்கும் இடைவெளி நொடியில் ஆயிரத்தில் ஏறத்தாழப் பதினேழு பங்கு. 120-இல் எட்டேகாற்பங்கு சொச்சம்.

ஆயினும் ஆட்டமே 60-இல் அமைந்திருப்பின் திரை யாது செய்யும்? ‘ஃபிஃபா 23’ கன்சோலில் 60-இல் ஓடுவது. ‘எல்டன் ரிங்’ 60-ஐக் கடவாதது. கதைபொதிந்த ஆட்டங்களுட் சில 30-இலேயே ஓடுவன. ‘ஃபோர்ட்நைட்’, ‘ராக்கெட் லீக்’ முதலிய போட்டி ஆட்டங்களே 120 தருவன. அவற்றினும் ஆட்டத்தின் அமைப்பிற் சென்று அதனை இயக்கிக்கொள்ளல் வேண்டும். எனவே மாலையில் இருவர் அமர்ந்து கால்பந்தாடுவதே வேலையாக உள்ள விடுதியறைக்கு 60 ஹெர்ட்ஸ் திரை போதும். எஞ்சிய பொருளை இரண்டாவது கைப்பிடிக்கு வைத்துக்கொள்ளலாம். 2017-இல் வந்த நின்டெண்டோ ஸ்விட்ச் உடையார்க்கும் அவ்வாறே. அது திரைக்கு 1080-இல் 60-க்குமேல் அனுப்பாது. 2025 ஜூனில் வந்த ஸ்விட்ச் 2 மட்டும் 1080-இலும் 1440-இலும் 120 தரும். என் தம்பி ஆடுவது ‘ஃபோர்ட்நைட்’. ஆதலின் எமக்கு 120 வேண்டியிருந்தது. அதனை நாடியே ஏமாந்தேன்.

விரைவிற்கு அடுத்தபடி நோக்கவேண்டியது அளவு. ஈண்டும் பெரியது நன்று என்னும் எண்ணம் நம்மை மயக்கும். நற்பார்வையுடைய கண் ஒரு பாகையின் அறுபதிலொரு கூற்றிற்குக் கீழ்ப்பட்ட இடைவெளியைப் பிரித்தறியமாட்டாது என்பர். அதனைக்கொண்டு கணக்கிட்டால், 1080 அளவுள்ள 24 அங்குலத் திரையில் ஏறத்தாழ 95 செண்டிமீட்டர் அகன்றிருந்தால் புள்ளிகள் தனித்தனியே தோன்றா. அதே 1080 அளவை 27 அங்குலத்தில் விரித்தால் புள்ளிகளும் பெரிதாகின்றன. 107 செண்டிமீட்டர் அகலல் வேண்டும். 27 அங்குலத்தில் 1440 அளவு இருப்பின் 80 செண்டிமீட்டரே போதும். கணினியின்முன் மேசையில் இருப்பார் 60 செண்டிமீட்டரில் இருப்பர். கன்சோலில் ஆடுவாரோ பாயிலோ கட்டிலிலோ சாய்ந்து மூன்றடி அகன்றிருப்பர். அவ்விடத்திலிருந்து நோக்கின் 24 அங்குலமும் 1080-உம் தம்முட் பொருந்தியவை. யான் முதலில் வாங்கிய 27 அங்குலத் திரை அறையைச் சிறப்பித்ததேயன்றிப் படத்தைச் சிறப்பிக்கவில்லை. எழுத்துகளின் விளிம்பில் மாடிப்படி போன்ற பிசிறு தோன்றிற்று.

4கே பொறியை 1080 திரையில் இணைத்தல் பொன்னை மண்கலத்தில் வைத்தல் போலும் என்று நண்பர் ஒருவர் எள்ளினார். அங்ஙனமன்று. ஆட்டம் உள்ளே மிக்க நுணுக்கத்தொடு வரையப்பெற்றிருப்பின் பொறி அதனைச் சுருக்கி 1080-ஆக்கி அனுப்பும். சுருக்குங்கால் விளிம்புகள் மழுங்கி அழகு பெறுகின்றன. 4கே படத்திற் புள்ளிகள் 82,94,400. 1080-ஐப்போல் நான்கு மடங்கு. அவ்வெல்லாவற்றையும் காண்பதற்குப் பெரிய திரையும் பெரிய பணமும் வேண்டும். இடைப்பட்ட 1440 அளவினை விழைவார் அறியவேண்டிய செய்தி ஒன்று: பிளேஸ்டேஷன் 5 வெளிவந்தபொழுது அவ்வளவினை அனுப்பும் ஆற்றல் அதற்கு இல்லை, 2022 செப்டம்பரில் வந்த மென்பொருட் புதுக்கமே அதனைத் தந்தது. முன்னர் எழுதப்பெற்ற அறிவுரைகளை இன்று படிப்பார் மயங்கற்க.

திரையின் உட்பொருளாகிய பேனல் மூவகைத்து. டி.என். என்பது மலிவானது, பக்கத்திலிருந்து நோக்கின் நிறம் மாறும். இருவர் அருகருகே அமர்ந்து ஆடும் வீட்டிற்கு அது ஆகாது. ஐ.பி.எஸ். எப்பக்கத்திலிருந்தும் ஒருதன்மையாகக் காட்டும். ஆயினும் அதன் கருமை முழுக்கருமையன்று, விளக்கணைத்த அறையில் சாம்பல்போற் றோன்றும். அதன் வெண்மைக்கும் கருமைக்கும் உள்ள விகிதம் ஏறத்தாழ ஆயிரத்துக்கு ஒன்று. வி.ஏ. என்பதில் அவ்விகிதம் மூவாயிரம் அளவினதாகலின் இருள் இருளாகவே இருக்கும். ஆனால் மலிவான வி.ஏ. திரைகளில் இருண்ட உருவங்கள் அசையுங்கால் பின்னே மைத்தீற்றல்போல் ஒரு சுவடு படரும். குகைக்குள் நிகழும் போரை ஆடுவார் அதனை எளிதிற் காண்பர். யான் ஐ.பி.எஸ். கொண்டேன். எம் அறையின் பலகணி மேற்கு நோக்கியது. பிற்பகல் வெயிலில் எக்கருமையும் ஒன்றே.

பெட்டியின்மேல் ‘1 எம்.எஸ்.’ என்று பெரிதாக எழுதியிருப்பர். நொடியில் ஆயிரத்திலொரு பங்கு என்பது அதன் பொருள். ஆனால் எதன் ஆயிரத்திலொரு பங்கு? ஒரு புள்ளி ஒரு சாம்பல்நிறத்திலிருந்து வேறொரு சாம்பல்நிறத்திற்கு மாறும் காலத்தைச் சிலர் அளப்பர். வேறு சிலர், பின்விளக்கை ஒவ்வொரு படத்திற்கும் இடையே அணைத்து ஏற்றி, படம் கண்ணில் தங்கும் காலத்தைக் குறைத்து, அதனை அளப்பர். அவ்வமைப்பை இயக்கினால் திரை மங்கும். இரண்டையும் ஒரே எண்ணால் அழைத்தல் இருவேறு பொருட்கு ஒரு சொல் நிற்பது போன்றதே. உரையாசிரியர் இல்லாவிடின் பொருள் துணிதல் அரிது. பொத்தானை அழுத்தியபின் படம் தோன்றுமளவும் கழியும் காலம் இவ்விரண்டினும் வேறு. ஆடுவார்க்கு மிக வேண்டியது அதுவே. பெட்டியில் அது பெரும்பாலும் இடம்பெறுவதில்லை.

எச்.டி.ஆர். என்பதும் இத்தகையதே. ஒளியையும் இருளையும் மிக விரிந்த எல்லையிற் காட்டும் முறை அது. ‘எச்.டி.ஆர். ஏற்கும்’ என்று எழுதிய மலிவான திரை அக்குறிப்பை ஏற்கும், அவ்வளவே. காட்டுதற்கு வேண்டிய ஒளி அதற்கில்லை. 2017 டிசம்பரில் வெசா என்னும் கழகத்தார் வகுத்த தரப்படிகளுள் முதலாவதாகிய 400 என்பதற்கே 400 கேண்டெலா ஒளி வேண்டும். நம் விலைக்குக் கிடைக்கும் திரைகளிற் பெரும்பாலன 250 முதல் 300 வரையில் நிற்பன. அவற்றில் எச்.டி.ஆரை இயக்கினால் படம் வெளிறும். யான் அணைத்தே வைத்திருக்கின்றேன்.

வி.ஆர்.ஆர். என்பதைப்பற்றியும் சிறிது. பொறி படத்தை வரைந்து முடிக்கும் காலம் ஒவ்வொரு படத்திற்கும் சிறிது மாறும். திரை ஒரே சீராகப் புதுக்கிக்கொண்டிருந்தால் இரண்டிற்கும் தளை தட்டும். படம் இடையே கிழிந்தாற்போலவோ திக்குவது போலவோ தோன்றும். பொறி படம் அனுப்பும்பொழுதே திரை புதுக்குமாறு செய்வது வி.ஆர்.ஆர். பிளேஸ்டேஷன் 5-க்கு இது 2022 ஏப்ரலிற் கிடைத்தது. 48 முதல் 120 வரையுள்ள எல்லையில் இயங்கும். ஆனால் எச்.டி.எம்.ஐ. 2.1-க்கு உரிய வி.ஆர்.ஆரை மட்டுமே அது ஏற்கும். குறைவிலைத் திரைகளில் மலிந்து கிடக்கும் ஃப்ரீசிங்க் என்னும் முறையை ஏலாது. எக்ஸ்பாக்ஸ் பொறிகள் இரண்டையும் ஏற்பன. ஆகவே ஃப்ரீசிங்க் திரைக்குச் சில நூறு கூட்டிக் கொடுத்தல் எக்ஸ்பாக்ஸ் உடையார்க்கு ஊதியம், எமக்கு இழப்பு. ஒரே திரை ஒருவர்க்கு நன்றாகவும் மற்றொருவர்க்கு வீணாகவும் அமைதலை இதனால் அறியலாம்.

வாங்குமிடம் பற்றிச் சில கூறுவேன். பல்லாவரத்து வெள்ளிக்கிழமைச் சந்தையிற் பழந்திரைகள் கிடைக்கும். அங்குக் கிடப்பவற்றுட் சில வி.ஜி.ஏ. துளை மட்டும் உள்ளவை. கன்சோலோடு நேரே இணையா, தனியே ஒரு மாற்றுக்கருவி வேண்டும். மின்சாரம் ஏற்றிக் காட்டாத திரையை எத்துணை மலிவாயினும் தொடாதிருத்தல் நன்று. புதியன வாங்க ரிச்சி தெரு உள்ளது. தாம்பரத்திலிருந்து 1931 முதல் ஓடும் மின்சாரத் தொடர்வண்டியில் ஏறி எழும்பூரில் இறங்கி, ஆட்டோவிற் சென்றால் அண்ணாசாலையின் அருகே அதனை அடையலாம். குறுகிய தெரு, தோளோடு தோள் உரசாமல் நடத்தல் அரிது. இணையத்தில் விலை குறைவாயிருத்தலும் உண்டு; ஆனால் தெருவில் ஒரு நலன் உண்டு, பொருளை இயக்கிப் பார்த்து வாங்கலாம். ‘பில் இல்லாமல் வாங்கிக்கொள்ளுங்கள், விலை குறையும்’ என்று கூறுவார் எங்கும் உளர். 32 அங்குலத்திற்கு உட்பட்ட திரைக்கு 18 விழுக்காடு வரி உண்டாகலின் அவர் கூறும் குறைவு சிறிதன்று. ஆயினும் பழுதுகாப்பு உறுதிக்குப் பில் ஒன்றே சான்று. மும்முறை மழையில் மின்னழுத்தம் ஏறி இறங்கும் புறநகரில் வாழ்வார் அதனை விடுதல் கூடாது.

இரண்டாம் முறை யான் செய்ததை உரைக்கின்றேன். முதற்றிரையை எம் பெரியப்பாவின் மகன் 7,000 ரூபாவிற்கு எடுத்துக்கொண்டான். கையிலிருந்த 1,200-உம் சேர 8,200 ஆயிற்று. யான் குறித்துவைத்த 24 அங்குலத் திரையின் விலை 10,500. குறைந்த 2,300 ரூபாவை ஈட்ட இரண்டு திங்கள் ஆயின. அப்பணம் உண்மையில் நச்சினார்க்கினியர் உரைநூல்களை வாங்குதற்கு யான் வைத்திருக்கவேண்டுவது. அவற்றை இவ்வாண்டு கல்லூரி நூலகத்திலேயே இருந்து படிக்கின்றேன். தம்பி அவ்விரண்டு திங்களும் 60-இல் ஆடினான், முணுமுணுத்துக்கொண்டே.

பணம் நிறைந்ததும் கன்சோலையே பையிலிட்டுச் சுமந்துகொண்டு தம்பியும் யானும் சென்றோம். எங்கள் பொறி நாலரைக் கிலோ எடை. கூட்டமுள்ள வண்டியில் அதனை மடியில் வைத்திருத்தல் எளிதன்று. அதனோடு பெட்டியில் வந்த எச்.டி.எம்.ஐ. கம்பியையும் கொண்டு சென்றேன். அக்கம்பி எல்லா விரைவிற்கும் போதியதாகலின் கடையில் விற்கும் விலைமிக்க கம்பி வேண்டுவதில்லை. “அண்ணே, இதை ஒருமுறை மாட்டிப் பார்த்துவிட்டுப் பணம் தருகிறோம்” என்று கேட்டேன். முதற்கடைக்காரர் இசையவில்லை. இரண்டாமவர் நகைத்து, மேசையில் இடம் ஒதுக்கித் தந்தார். திரையில் 1080, 120 ஹெர்ட்ஸ் என்று தோன்றியதும் தம்பி என் தோளை அறைந்தான். பின்னர் முழுவெண்மை, முழுக்கருமைப் படங்களைக் காட்டி அணைந்த புள்ளி ஏதேனும் உளதோ என்று பார்த்தோம், இல்லை. பில் பெற்றுக்கொண்டு திரும்பினோம்.

அத்திரைக்கு ஒலிபெருக்கி இல்லை. கன்சோலின் கைப்பிடியிலேயே செவிக்கருவி மாட்டும் துளை இருத்தலின் அது குறையாகவில்லை. பாட்டியார்க்கு அது பெருநன்மை. அதன் தாங்கி முன்பின் சாயுமேயன்றி உயராது. அடியில் தடித்த நூல்களை அடுக்கி உயர்த்தினேன். தமிழ்ப் பேரகராதியை அவ்வாறு பயன்படுத்தினேன் என்று ஆசிரியர்கள் ஐயுறற்க. அவை தம்பியின் கணக்கு வழிகாட்டிகள்.

பெரியப்பாவின் மகன் வணிகவியல் பயில்கின்றான். நாங்கள் கொடுத்த திரையைத் தன் கணினியோடு இணைத்துக் கணக்குப்பதிவு கற்கின்றான். சென்ற வாரம் அவன் வீட்டிற்குச் சென்றபொழுது கணினியின் அமைப்பைத் திறந்து பார்த்தேன். அங்கே அது 100 ஹெர்ட்ஸாகவே ஓடிக்கொண்டிருந்தது.